ஆரணி சேற்றில் இறங்கிய ஜீப்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என் மாமனார் வைத்திருந்த சின்னப் பட்டறையை இந்தச் சித்திரையில் காலி செய்ய வேண்டியிருந்தது. பின்பக்கத் தகரக் கொட்டகையில் பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று ஒன்பது வருடமாக அசையாமல் நின்றது. ராணுவ ஏலத்தில் வந்த வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும். பழைய இரும்புக்காரர் விலை பேச வந்த அன்று, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மாமனார் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை.

இப்படி ஒரு வண்டியை எழுப்பி வீட்டுக்கு ஓட்டிவர நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் குறிப்பு எடுக்கத் தொடங்கினேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் பக்கம் காக்களூரில் இருக்கும் என் வீடு வரை ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். பயணம் ஒரு நாள் காலை வேலைதான். அதற்குத் தயாராக நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

வண்டியைப் பார்த்தவர் பொன்னேரி ஜாபர் பாய். அந்தப் பக்கத்து டிராக்டர்களில் பாதி அவர் கையில்தான் ஓடுகின்றன. முதல் வாரமே ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று நான் பறந்தேன், அவர் விடவில்லை. பிளக்குகளைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் ஆயில் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டார். பிறகு முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினார். டேங்கில் பழைய பெட்ரோல் பிசின்போல ஒட்டியிருந்தது. ஏர் ஃபில்டருக்குள் எலி குட்டி போட்டுக் குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது. ரப்பர் குழாய் எதைத் தொட்டாலும் அப்பளம் மாதிரி உடைந்தது.

இன்ஜினைவிட பிரேக்குக்குத்தான் அவர் அதிக நாள் எடுத்துக்கொண்டார். நான்கு சக்கரத்திலும் சிலிண்டர் மாற்றி, பிரேக் ஆயில் போகும் குழாய் முழுவதையும் புதிதாகப் போட்டார். எனக்குப் பொறுமை போனபோது ஒன்று சொன்னார்: "ஓடாத வண்டியால யாருக்கும் ஒண்ணும் ஆவாது சார். நிக்காத வண்டிதான் ஆளக் கொல்லும்."

ஆடியில் இன்ஜின் பேசியது. முதலில் ஒரு இருமல், பிறகு கொட்டகை நிறைய புகை, அதற்குள்ளிருந்து சீரான ஒரு சத்தம். மாமனார் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து பானெட்டில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதன்பின் வண்டியை லாரியில் ஏற்றிப்போய் ஆர்டிஓ அலுவலகத்தில் சோதனைக்குக் காட்டி, பதிவைப் புதுப்பித்து, காப்பீடும் எடுத்தோம்.

ஆவணிக் கடைசியில் ஒரு ஞாயிறு, காலை ஆறரை மணிக்குக் கிளம்பினேன். பின்னால் ஜாபர் பாய் தன் பைக்கில். நாற்பதுக்கு மேல் போகக்கூடாது என்பது அவர் கட்டளை. நெடுஞ்சாலையில் லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போயின. கவரைப்பேட்டையில் நாஷ்டா, இரண்டு பேருக்கு நூற்று இருபது ரூபாய். புதுவாயலில் வலப்பக்கம் திரும்பி, பெரியபாளையம் சாலையில் இருக்கும் ஆரணிக்கு வந்தபோது எட்டரை. ரேடியேட்டர் சூடு சரியாக இருந்தது. ஆரணிக் கடைத்தெருவில் தெரிந்தவர் ஒருவர் ஜாபர் பாயை நிறுத்திப் பேசினார். "நீங்க மெதுவா போய்க்கினே இருங்க சார், நான் வந்து புடிக்கிறேன். தார் ரோட்ட உட்டு எறங்க வேணாம்," என்றார்.

மூன்று கிலோமீட்டர் போயிருப்பேன். சாலையின் இடப்பக்கம் சரிவாக ஒரு வண்டிப்பாதை இறங்கி, மெல்லிய தண்ணீர் நின்ற சேற்று நிலத்தில் முடிந்தது. பயிர் எதுவும் இல்லை. ஓரத்தில் ஒரு குச்சியில் கந்தல் துணி ஆடிக்கொண்டிருந்தது. இந்தக் குறிப்பில் ஒரு படம்கூட இல்லாமல் 'ஜீப் ஓடியது' என்று எழுதினால் யார் பார்ப்பார்கள் என்று தோன்றியது. சேற்றில் இறங்கி, நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஏறி வரும் காட்சி. செல்போனை வேலிக் கல்மேல் சாய்த்து வைத்தேன். இறங்கினேன்.

நடு நிலம் வரை போய் ஒரு வட்டம் அடித்தேன். இரண்டாவது வட்டத்தில் வண்டி அச்சு வரை அமிழ்ந்து நின்றது. கீழே குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அது காலி நிலம் இல்லை. தண்ணீருக்கடியில் சேறு முழுக்க வெள்ளை முளைவிட்ட நெல். முந்தின நாள்தான் விதைத்திருந்த நாற்றங்கால். அந்தக் கந்தல் துணி குருவிகளை விரட்டக் கட்டியது. சமமாகப் பரம்படித்திருந்த சேற்றில் என் டயர்கள் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டியிருந்தன.

மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். நிலத்துக்காரர், கோமளா என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். பிரேக் பிடிக்கவில்லை, அதனால் சாலையிலிருந்து இறங்கிவிட்டது என்றேன். யோசித்துச் சொன்னது அல்ல. தானாக வந்தது, அவ்வளவு சரளமாக.

அவர் முகம் மாறியது. "அடி எதனா பட்டுச்சா? மொதல்ல எறங்கி இப்டி வா. ரோட்ல யார்மேலயும் ஏத்தாம வந்தியே, அதுவே போதும்." மோட்டார் தண்ணீரைச் சொம்பில் பிடித்துக் கொடுத்தார். குடித்தேன். அவர் கணவர் ஏழுமலை டிராக்டரோடு வந்து கயிறு கட்டினார். பால் கேன்களோடு பைக்கில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். டிராக்டர் ஜீப்பை இழுத்தபோது, மிச்சமிருந்த நாற்றங்காலில் பாதியும் சேர்ந்து குழம்பியது.

அப்போதுதான் ஜாபர் பாய் வந்து சேர்ந்தார்.

ஏழுமலை அவரைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே போட்டார். "இன்னா பாய், பிரேக்கு பாக்காமயா வண்டியக் குடுத்த? என் டிராக்டரையும் உன்ன நம்பித்தான உட்டுகினு இருக்கேன்."

ஜாபர் பாய் சேறு வழிந்த ஜீப்பில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார். மறுபடி மிதித்தார். பிறகு நிலத்தில் கிடந்த இரண்டு வட்டங்களைப் பார்த்தார். பிரேக் பிடிக்காத வண்டி வட்டம் அடிக்காது. என்னைப் பார்த்தார். பெடல் நன்றாகத்தான் இருக்கிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார், அவ்வளவுதான். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. பால்காரர்கள், பழைய வண்டி என்றாலே இப்படித்தான், மெக்கானிக்கையும் சொல்ல வேண்டும் என்று பேசியபடி கிளம்பிப் போனார்கள்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜாபர் பாய் துணியால் சக்கரத்துச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார், ஏழுமலை அவரைப் பேசிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் முழுவதும் நான் பக்கத்தில்தான் நின்றேன். அடுத்த போகத்துக்கு டிராக்டர் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்று ஏழுமலை சொன்னபோதுதான் என் வாய் திறந்தது. பிரேக் நன்றாக இருந்தது, படம் எடுக்க நானேதான் இறக்கினேன் என்றேன். செல்போன் இன்னும் கல்மேல் இருந்தது. கையால் காட்டினேன்.

எல்லோரும் அந்தக் கல்லைப் பார்த்தார்கள். பிறகு கோமளா சொன்னார்: "பிரேக்கு போச்சின்னு சொன்னப்போ எனக்குக் கோவமே வரல. இப்போ வருது."

பணம் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் கேட்க விரும்பவில்லை. போன போகத்தில் நல்ல கதிராகப் பார்த்து அவரே பிரித்து எடுத்துவைத்த விதையாம் அது, மொத்தத்தையும் ஊறப்போட்டு விதைத்துவிட்டாராம். கடையில் போய்க் கேட்டால் கிடைக்காது. இருந்தாலும் மறுநாள் பொன்னேரியில் விதைநெல் வாங்கிக்கொண்டு போனேன். ஏழுமலை மூட்டையை இறக்கிவைத்தார். கோமளா வெளியே வரவில்லை.

வண்டி சேற்றில் இறங்கிய அன்றைக்கு ஜாபர் பாய் செய்தது ஒன்றுதான். ஏழுமலையைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, ஜீப்பைக் காலிச் சாலையில் வேகமாக ஓட்டி ஒரே மிதியில் நிறுத்திக் காட்டினார். தாரில் கறுப்புக் கோடு விழுந்தது. திரும்பி வந்து சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பைக்கைப் பொன்னேரிப் பக்கம் திருப்பினார். பெரியபாளையம் வழியாக மீதித் தூரத்தைத் தனியாக ஓட்டினேன். வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை.

மூன்று நாள் கழித்துத்தான் ஜாபர் பாய் என் போனை எடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். "அத்த உடுங்க சார்," என்றார். "பால்காரன் போற ஊட்டுல எல்லாம் சொல்லிகினு போறான். ரெண்டு பேரு வண்டிய வேற எடத்துக்கு எடுத்துகினு போய்ட்டாங்க. அவங்க கிட்ட நான் போய் இன்னான்னு சொல்றது?"

அடுத்த ஞாயிறு ஆரணிக்குப் போய்ப் பால்காரர்கள் நிற்கும் டீக்கடையைக் கண்டுபிடித்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி, பிரேக் கெடவில்லை, நான் பொய் சொன்னேன் என்றேன். சிலர் சிரித்தார்கள். அன்று நின்று பார்த்த பால்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இப்படி ஒரு வண்டியை ஓட்டிவர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பல வருடம் நின்ற இன்ஜினை உடனே சுழற்றாதீர்கள், ஊறவிடுங்கள். டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள், வெடிப்பு உள்பக்கம் இருக்கும். பதிவு புதுப்பிக்காமல் சாலையில் இறங்காதீர்கள். எனக்கு லாரிக்கூலி, உதிரிபாகம், டயர், பதிவு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆனது. பெட்ரோல் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்தான் கிடைக்கும். ஆவணி, புரட்டாசியில் இந்தப் பக்கம் வெறும் சேறு என்று ஒன்று கிடையாது. பாதை போட்ட இடமானாலும் இறங்கி நடந்து, யாரையாவது கேட்டுவிட்டுப் போங்கள்.

போன வாரம் காக்களூரில் ஒரு பட்டறையில் வண்டியைச் சர்வீசுக்கு விட்டேன். சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பிரேக் வேலை சுத்தமாக இருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டார். பொன்னேரி ஜாபர் பாய் என்றேன்.

"இப்டி ஒரு ஆள வெச்சிகினு, அவராண்டயே போவாம இங்க ஏன் சார் வந்தீங்க?"

அவர் சக்கரத்தை மாட்டி முடிக்கும்வரை உட்கார்ந்து, முழுவதையும் சொன்னேன்.