அஞ்சலாட்சியின் கருமுட்டைகள்

மில்லில் நூல் சுற்றியவள் அஞ்சலாட்சி. எழுபதுகளில் ஷிப்ட் முடிந்து, பஞ்சு ஒட்டிய தலையோடு வீட்டுக்கு நடப்பாள். இருபத்தெட்டு வயதுவரை தட்டிக்கொண்டே போன கல்யாணம், பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்த பலராமனோடு கூடிவந்தபோது தெருவே வாயைப் பிளந்தது. அதிர்ஷ்டக்காரி என்றார்கள். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருகிற புருஷன். மீதி நாளெல்லாம் மாமியார் தையல்நாயகி. அதிர்ஷ்டத்தின் லட்சணம் இதுதான்.

பிள்ளை இல்லை. கருக்குழாய் அடைத்திருக்கிறது என்று தெரியவே பத்து வருஷம் ஆனது. அதுவரை மாமியார் வாயில் அவள் பட்டது சொல்லி மாளாது. அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ராஜாங்கம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து டவுனில் ஆஸ்பத்திரி திறந்தார். கருமுட்டையை வெளியே எடுத்து, புருஷனின் விந்தோடு சேர்த்து, கருவாக்கி வயிற்றில் வைக்கலாம் என்றார்.

"உங்க வயசுக்கு இதுதாம்மா கடைசி வாய்ப்பு."

பலராமன் லீவை உத்தேசித்து முட்டை முதிர ஊசி போட்டார்கள். எல்லா ஊசியும் முடிந்த பிறகு ராணுவத்தில் அவன் லீவை ரத்து செய்துவிட்டார்கள்.

முட்டை காத்திருக்குமா? எடுத்து உறையவைத்துவிடலாம், அவர் வந்ததும் பார்க்கலாம் என்றார் டாக்டர். வெறுமனே உறையவைத்தால் முட்டைக்குள் இருக்கிற தண்ணீர் ஐஸ் ஊசியாகிக் கிழித்துவிடும். அதற்கு ஒரு மருந்து உண்டு. தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். காப்பாற்றுகிற மருந்துதான், ஆனால் நல்ல குளிரில், கொஞ்ச நேரம் மட்டும். குளிரில்லாமல் கூடுதல் நேரம் கிடந்தால் அதுவே விஷம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏழு முட்டை எடுத்தார்கள். மருந்துக் கிண்ணத்தில் போட்டாயிற்று. உறையவைக்கும் பெட்டிக்குள் வைக்கப்போகும்போது தையல்நாயகி கதவைத் தட்டினாள்.

"ராகு காலம் பொறந்துடுச்சு டாக்டரய்யா. எங்க வம்சம் அது. முடிஞ்சப்புறம் வைங்க."

படித்த மனுஷன் போம்மா என்று விரட்டியிருக்க வேண்டாமா? ராஜாங்கத்துக்கு இது முதல் கேஸ், உள்ளூர அவருக்கும் பயம். ராகு காலம் முடிகிறவரை கிண்ணம் மேசை மேலேயே கிடந்தது. பக்கத்து அறையில் பாதி மயக்கத்தில் இருந்த அஞ்சலாட்சிக்கும் மாமியார் சொன்னது கேட்டது. நல்லதாப் போச்சு என்று நினைத்தாள், பாவம்.

அடுத்த வருஷம் பலராமன் வந்தான். உருக்கிப் பார்த்தால் ஏழும் சுருங்கிக் கறுத்துக் கிடந்தன.

"மருந்துல ரொம்ப நேரம் இருந்துட்டுதும்மா. உங்க மாமியார் சொன்னாங்களேன்னு..." என்று இழுத்தார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "நீங்கதான அத்த, நிறுத்தச் சொன்னீங்க?"

"கெட்டுப்போறதா இருந்தா அந்தாளு சொல்ல மாட்டாரா? உன் முட்டைக்கு வலு இல்லடி."

புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவனாவது ஒரு வார்த்தை பேசுவான் என்று அப்போதும் நம்பினாள்.

"அம்மாவ எதுத்துப் பேசாத," என்றான் பலராமன்.

அடுத்த லீவுக்கு வேறொருத்திக்குத் தாலி கட்டத்தான் வந்தான். அஞ்சலாட்சி குருசுக்குப்பத்தில் வாடகைக்கு ஓர் அறை பிடித்துக்கொண்டு மறுபடி மில்லுக்குப் போனாள்.

ஒருநாள் பெரிய மார்க்கெட்டில் புதிதாகக் கடை போட்ட மீன்காரி பேச்சுவாக்கில் கேட்டாள். "உனக்கு எத்தினி புள்ளைங்கக்கா?"

"ஏழு. ஒண்ணும் தங்கல."

மீன்காரி வாயில் கை வைத்தாள். பிறகு கூடையில் கூடுதலாக ஒரு மீனைப் போட்டாள். அந்தப் பிள்ளைகளுக்காக வருத்தப்பட்டவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான்.