கூலிங் கிளாஸ் விற்கிறவனின் வெறுங்கண்

எனக்குக் கெடுதல் செய்தவன் தனசேகர். மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற வழியில் அவன் தொப்பி விற்கிறான், பக்கத்தில் நான் கூலிங் கிளாஸ் விற்கிறேன். இரண்டுமே வெயிலை நம்பிய வியாபாரம். நாள் முழுக்க வெயிலில் நின்று பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

பங்காளி

செங்கல்பட்டிலிருந்து வந்த ஓர் இங்கிலீஷ் டீச்சர் ஒரு கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "கிளேர் குறையுமா?" என்றார். நான் அஞ்சாவதோடு நின்றவன். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். கண்ணைக் கூச வைக்கிற வெளிச்சமாம். கோபமாக முறைப்பதற்கும் அதே சொல்தானாம். ஆதியில் மின்னுவது என்றுதான் அர்த்தமாம், முறைப்பு பிறகு வந்து ஒட்டிக்கொண்டதாம். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போகும்போது சொன்னார்:

"கிளாஸ்ங்கிற வார்த்தைகூட அதுக்குப் பங்காளின்னு சொல்லுவாங்க. பங்காளிய வச்சே பங்காளிய அடிக்கிறீங்க, அண்ணா!"

காலைச் சரக்கு

எங்கள் தொழிலில் விற்கிறவன் கண்ணாடி போடமாட்டான். போட்டுவிட்டால் அது பழைய சரக்கு. அதோடு, விலை சொல்லும்போது கண் தெரிந்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள். அதனால் மணலிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கிற வெயிலை இத்தனை வருஷமும் வெறுங்கண்ணால் வாங்கினேன். கண் எப்போதும் சிவந்து, நீர் வடியும். செய்யூரிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்ததும் மனைவியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"காலையிலயே ஏத்திகினு வந்துட்டு உனக்கு வியாபாரம் இன்னாத்துக்கு, பெருசு?"

ஒரு கண்ணுக்கு வெயில்

பிறகு வலது கண்ணின் வெள்ளையில் ஒரு சதை கருவிழியை நோக்கி ஏறத் தொடங்கியது. பார்வை போய்விடும் என்ற பயத்தில் வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் கண்ணீர் மறைத்ததில், ஒரு பக்கக் கண்ணாடி கழன்றுபோன ஃபிரேமை ஒரு காலேஜ் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதை மாட்டிக்கொண்டு, "தாத்தா, வெயில் ஒரு கண்ணுக்கு மட்டும்தான் அடிக்குமா?" என்று சிரித்தாள். எனக்கே சிரிப்பு வந்தது.

தனசேகர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். டூரிஸ்ட் பஸ்ஸில் வருகிறவர்களைக் கூட்டிப்போகும் கைடுகளிடமெல்லாம் போய்ச் சொன்னான். அதன்பிறகு கூட்டம் என் கடையைத் தாண்டியே போனது. அவன் சொன்னதை ஒரு கைடு அப்படியே என்னிடம் ஒப்பித்தார்:

"அந்தாளுக்குக் கண்ணே அவுட்டு நைனா, கறுப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது!"

டாக்டரம்மா

வேறு வழியில்லாமல் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்க்கும்போது, கண் போய்விட்டது என்று சொன்னால் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்றுதான் யோசித்தேன். பார்வைக்கு ஒன்றுமில்லை என்றார். வெயில், காற்று, மணல் சேர்ந்து வளர்த்த சதை, இன்னும் வளர்ந்தால் எடுத்துவிடலாம், இனிமேல் வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும் என்றார். "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் வித்தீங்களே, உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்கக் கூடாதா?"

நெற்றிக்கு ஏற்றுவது

இப்போது நானும் போடுகிறேன். விலை சொல்லும்போது மட்டும் நெற்றிக்கு ஏற்றிவிடுவேன். வியாபாரம் கெடும் என்று பார்த்தால், வருகிறவர்கள் தட்டியில் மாட்டியிருக்கிற புதுசை விட்டுவிட்டு, "நீ போட்டுகினு கீறியே, அதே மாடல் குடு" என்று கேட்கிறார்கள். கைடுகளும் திரும்பி வந்தார்கள்.

தனசேகரிடம் போய், என் கண் நன்றாக இருக்கிறது என்று அதே கைடுகள் முன்னால் நீயே சொல் என்றேன். அவன் ஒரு தொப்பியைத் தட்டித் தூசி எடுத்தபடி சொன்னான்:

"கண்ணு நல்லா கீதுன்னா சந்தோசம், அண்ணாத்த. அதுக்கு நான் இன்னாத்துக்கு மைக் புடிக்கணும்?"

கண்ணும் தப்பியது, கடையும் தப்பியது, தனசேகர் வாயிலிருந்து எனக்கு வரவேண்டிய அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் பாக்கி நிற்கிறது.