நால்வர் என்று எழுதிய வண்டி

செகந்திராபாத் இரயில் நிலையத்தில் சரக்கு வண்டிகளின் எண்களைக் குறிப்பது ஜம்புநாதனின் பணி. எத்தனை மூட்டை தாங்கும் என்பது ஒவ்வொரு வண்டியின் கதவிலும் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கும். அதற்குமேல் ஒரு மூட்டை ஏறினாலும் அவருடைய விசில் வானைப் பிளக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் பிளேக் வந்தது. தொழிலாளர் வரிசைவீடுகளில் அறைக்குப் பதினொருவர். பகல் வேலைக்காரன் எழுந்த பாயில் இரவு வேலைக்காரன் படுப்பான். முதலில் எலிகள் விழுந்தன. பிறகு மனிதர் விழுந்தனர். வெள்ளையர் வாழ்ந்த போலாரத்துப் பங்களாக்களில் எட்டறைக்கு இருவர். அங்கே எமன் வாயிற்படியையும் மிதிக்கவில்லை.

"எமனுக்கும் ஏழை வீட்டுக்குத்தான் வழி தெரியுது" என்றாள் நிறைமாத மனைவி கனகம்.

அச்சொல் நெஞ்சில் தைக்க, ஜம்புநாதன் நிலையத்து வெள்ளைக்காரத் துரையிடம் ஓடினார்.

"நெல்லு மூட்டைக்கு அளவு எழுதுறோம் துரை, மனுசனுக்கு எழுதலையே! பின்தடத்துல நாற்பது வண்டி காலியா நிக்குது!"

துரை சிரித்தார், பின்பு சிந்தித்தார், மழைக்காலம் வரை கொடுத்தார். வேலவன் திருவருளே துணையென்று ஜம்புநாதன் நாற்பது கதவுகளிலும் 'நால்வர்' என எழுதினார். குடமும் அடுப்பும் சுமந்து குடும்பங்கள் ஓடிவந்தன. பின்தடம் தேரோடும் வீதியாயிற்று! அவர், கனகம், மகள் ஜலஜா, பேறுகாலத் துணைக்கு வந்த கனகத்தின் தங்கை அம்மணி என அவர் வண்டியும் நிறைந்தது.

மாலையில் கனகத்தின் அண்ணன் பழனிசாமி மூச்சிரைக்க வந்தான்.

"மாப்ளே, பக்கத்துப் பாய்க்காரன் போயிட்டான். எனக்குக் காய்ச்சல் இல்ல. இடம் குடுங்க."

"நக்கோ, வேணாம்னு சொல்லிடாதீங்க" என்று கனகம் கெஞ்சினாள். "ஒரு ஆளு ஏறினா வண்டி சாஞ்சிடுமா?"

நாற்பது வண்டிகளும் அவரையே பார்த்தன. இங்கே ஐவரானால் நாளை எங்கும் பதினொருவர். மைத்துனனோடு நோய் ஏறினால் கனகம் என்னாவாள்? ஜம்புநாதன் தம் பாயைச் சுருட்டிக் கீழே குதித்தார்.

"வாங்க மச்சான். நம்ம ரெண்டு பேருக்கும் வண்டிக்கு அடியில."

சாயத்தைத் தொட்டுச் சக்கரத்தில் 'இருவர்' என்றும் எழுதினார். தடமெங்கும் சிரிப்பு அலைமோதியது. அதைக் கண்டு, இடமின்றி வந்த உறவினருக்காக வேறு சில ஆடவரும் பாயோடு இறங்கினர்.

பத்து நாள் சென்றது. பழனிசாமிக்குக் காய்ச்சல் வரவில்லை; பின்தடத்தில் ஒருவருக்கும் நெறிகட்டவில்லை. பதினோராம் நாள் விடியலில் மேலே ஓர் அழுகுரல் வீறிட்டது.

அம்மணி கதவைத் தள்ளித் திறந்தாள். "அத்தான், பொண்ணு! இப்ப உள்ள நாலு பேரு. இனிமே நீங்க ஏறவே முடியாது!"

ஜம்புநாதன் விசிலை எடுத்து, மூச்சு முட்ட ஊதினார்.