வரும் பக்கத்துக் குழி

ஆரியசாலையில் எங்கள் அரிசி மொத்தக்கடைக்கு முன்னால்தான் அந்தப் பஸ் நிற்கும். கடைக்கு மேல்மாடியில் வீடு. என் மனைவி வாரத்தில் மூன்று நாள் அந்தப் பஸ்ஸில் ஏறித்தான் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தாள். பெரிய வண்டி, அலுங்காமல் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பாள்.

தெருக்காரர்களுக்கு அந்தப் பஸ்ஸைக் கண்டாலே ஆகாது. சரக்கு இறக்கும் நேரம் பார்த்து வந்து ஹாரன் அடிக்கும். ரோட்டில் குழி விழுந்ததும் பழி போட ஆள் கிடைத்தது. பஸ்ஸின் பாரத்தால்தான் ரோடு உடைகிறது, வேறு வழியில் விடுங்கள் என்று மனு எழுதினார்கள். வயதில் மூத்த கடைக்காரர் முதலில் கையெழுத்துப் போட்டால் மற்றவர்கள் படித்துக்கூடப் பார்க்காமல் போடுவது எங்கள் தெரு வழக்கம். அந்த மூத்தவன் நான்.

"அண்ணாச்சி, நீங்க ஒப்புப் போடுங்க. பாக்கி நாங்க நோக்கிக்கிடுதோம்" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

போட்டேன். வீட்டில் சொன்னபோது, "ஆட்டோ உண்டே, கொழப்பமில்ல" என்றாள். எதற்கும் அவளுக்கு அந்தப் பதில்தான். எனக்கும் அது வசதியாக இருந்தது.

எங்கள் தெருவுக்குப் பஸ் வருவது நின்றது. புதுத் தார் போட்டார்கள். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. வாசலில் நின்று பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. தெருவுக்குள் வரும் பக்கம் மட்டும் குழி. போகும் பக்கம் வழவழவென்று கிடந்தது. நிறைந்து வந்து காலியாகப் போவது எங்கள் லாரிகள். ஒரு நடை மிச்சமாகட்டும் என்று அளவுக்கு மேல் மூட்டை அடுக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் துவண்டுபோய்த் திரும்புவதும் அந்தப் பக்கம்தான். ஆட்டோ விழுந்தெழும்போதெல்லாம் ஊசி குத்திய கையை மற்றக் கையால் பிடித்துக்கொள்வாள். "இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் போலாமே" என்று தொடங்கினாள். மூன்று நாள் இரண்டாயிற்று. டாக்டர் திட்டினார், நானும் திட்டினேன். ஓணத்துக்கு முன்பே போய்விட்டாள். நோய்தான் கொண்டுபோயிற்று என்கிறார்கள். இருக்கலாம். அந்த ஆறுதல் என் மனதில் ஒட்டவில்லை.

போன வாரம் இன்னொரு மனு வந்தது. கடைக்கு ஆள் வரத்து குறைந்துவிட்டதாம், பஸ் திரும்ப வேண்டுமாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வழக்கப்படி முதலில் என்னிடம் நீட்டினார்கள். இந்த முறை படித்துப் பார்த்தேன். அவள் ஏறும் அதே இடத்தில், எங்கள் வாசலிலேயே, நிறுத்தம் கேட்டிருந்தார்கள்.

போட்டேன்.