கைப்பையில் கிடந்த தாழ்ப்பாள்

போன மாதம் வரைக்கும் என் கைப்பையின் அடியில், பஸ் டிக்கெட்டுகளுக்கும் மாத்திரை அட்டைகளுக்கும் நடுவே, ஒரு இரும்புத் தாழ்ப்பாள் கிடந்தது. விரல் நீளம்தான். அதற்கான திருகாணிகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருந்தேன். வீட்டுச் சாவியைத் தேடும்போதெல்லாம் அதுதான் முதலில் கையில் அகப்படும். “இது இன்னாத்துக்கும்மா, காயலாங்கடைக்குப் போடறதுதானே” என்று வேப்பம்பட்டில் இருக்கும் மகள் கேட்பாள். இருக்கட்டும் என்று சொல்லி மறுபடி உள்ளே போட்டுவிடுவேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் ட்ரெயிலர் ஓட்டியவர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரைக்கும் போவார். செலவைக் குறைக்கிறோம் என்று முதலாளிகள் கிளீனர்களை நிறுத்திய பிறகு தனியாகத்தான் போய் வந்தார். சர்க்கரை வியாதி அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒரு தடவை சாப்பாடு தவறி, லோடு இறக்கும் இடத்திலேயே மயங்கி விழுந்தார். வேளாவேளைக்குச் சாப்பாடும் பக்கத்தில் ஓர் ஆளும் இல்லாமல் இனி வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரே மகள், அவளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. ஆளுக்கு எங்கே போவது? கவரைப்பேட்டை வீட்டைப் பூட்டிக்கொண்டு நானே ஏறி உட்கார்ந்தேன். நான் கூடப் போனால்தான் அவர் ஓட்டலாம், அவர் ஓட்டினால்தான் அடுப்பு எரியும் என்கிற நிலைமை.

முதல் பயணத்தில் நெல்லூர் தாண்டியும் நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அடிவயிறு கல்லாக இருந்தது. அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏம்மே, தண்ணி குடிக்கல?”

“தாகமில்ல.”

“சும்மா கத வுடாத.”

அடுத்த பயணத்திலிருந்து தங்கும் இடங்களெல்லாம் மாறின. அதுவரை டிரைவர்களுக்கு நல்ல இடம் என்றால் டீசல் திருடு போகாத இடம், சப்பாத்தி சூடாகக் கிடைக்கிற இடம், நம்மூர் வண்டிகள் நாலு நிற்கிற இடம். அங்கெல்லாம் பெண்ணுக்கு என்று புதர்கூட ஒழுங்காக இருக்காது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருக்க, அவர் எதிரே உட்கார்ந்து வழியை வாயாலேயே ஓட்டுவார். அந்த பெட்ரோல் பங்க் கழிப்பறையில் தண்ணீர் வராது. இந்த பங்க்கில் பூட்டு தொங்கும், சாவியைக் கேட்டால் மேனேஜர் ஊருக்குப் போயிருப்பார். ஓங்கோல் தாண்டி ஒன்று சுத்தமாக இருக்கிறது, ஆனால் தாழ்ப்பாள் இல்லை.

அந்தக் கடைசிக் குறையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நான் உள்ளே ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு அவதிப்படுவேன், அவர் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்பார். ஒரு நாள் கவரைப்பேட்டை இரும்புக் கடையில் ஒரு பை நிறையத் தாழ்ப்பாள் வாங்கி வந்து டூல்ஸ் பெட்டியில் போட்டார். அப்புறம் போகிற வழியெல்லாம் இதே வேலைதான். வண்டியை ஓரங்கட்டுவார், திருப்புளியை எடுத்துக்கொண்டு இறங்குவார், பங்க்காரர்கள் பேந்தப் பேந்தப் பார்க்கக் கதவில் தாழ்ப்பாளை முடுக்கிவிட்டு வருவார். “நிதானமா போய்ட்டு வா. வண்டி எங்கயும் போவாது” என்பார். எனக்கு அவர் நகை வாங்கிக் கொடுத்ததில்லை. நான் அதைச் சொல்லிக் காட்டாத நாளும் இல்லை. ஆனால் ஆந்திரா முழுக்க எனக்குத் தாழ்ப்பாள் இருந்தது.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. பெண்கள் தைரியமாக இறங்கக்கூடிய இடம் என்றால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். மற்ற வண்டிகள் இரவெல்லாம் ஓட, நாங்கள் பொழுது சாயும்போதே நின்றுவிடுவோம். லோடு தாமதமானது. அப்புறம் லோடே வரவில்லை. தினமும் காலையில் டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். ஒரு நாள் மதியச் சோறு எடுத்துக்கொண்டு நானே போனேன். டிரைவர்களும் குமாஸ்தாவும் சூழ நின்றிருந்தார்கள். முதலாளி என்னிடம் தன்மையாகத்தான் பேசினார்.

“உங்க ஊட்டுக்காரருக்கு இருட்டுனா கண்ணு தெரியலையாமே, அவரே சொன்னாரு. அப்புறம் எப்படிம்மா லோடு குடுக்கறது?”

திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் சீக்கிரம் நிற்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள், மனுஷன் கண்மீது பழியைப் போட்டிருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“அவரு கண்ணுக்கு ஒண்ணுமில்ல சார். எனக்குக் கக்கூஸ் வேணும், அதுக்குத்தான் நிக்கறாரு” என்றேன்.

அத்தனை ஆண்களும் சொல்லிவைத்தாற்போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதலாளி தொண்டையைச் செருமினார். “அப்ப நீங்க ஊட்ல இருங்க. நாளைக்கே லோடு தரேன், அவரு தனியா ஓட்டட்டும்.”

என் வீட்டுக்காரர் எழுந்து, பையிலிருந்த வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தார். “மயங்கி ஸ்டியரிங் மேல உழுந்தேன்னா, ரோட்ல போறவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குது சார்.”

வெளியே வந்ததும் அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். “இன்னாய்யா பொய் இது? இருந்தத சொன்னா இன்னா?”

“பொண்டாட்டிக்குக் கக்கூஸ் வேணும்னு அத்தினி பேர் நடுவுல சொல்லச் சொல்றியா?”

“நான் சொன்னேனே.”

“அதான் வேல பூடுச்சே” என்று சொல்லிச் சிரித்தார். சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றோம்.

இப்போது ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளியாக இருக்கிறார். ட்ரெயிலர்கள் வந்தால் வாசலில் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடுவதும் இறக்குவதும்தான் வேலை. சாயங்காலம் கால் வீங்கித்தான் திரும்புவார். எனக்கும் முட்டி பிடிக்கிறது. பேசுவதற்கு முன் இரண்டு பேரும் பெருமூச்சு விட்டுக்கொள்கிறோம். டூல்ஸ் பெட்டியில் மீந்திருந்த ஒரே தாழ்ப்பாளை நான்தான் என் பையில் போட்டுக்கொண்டேன்.

போன மாதம் மருமகன் வீட்டுக் கல்யாணத்துக்காக மருமகனின் காரிலேயே விஜயவாடா போனோம். ஓங்கோல் தாண்டியதும் என் வீட்டுக்காரர் நிறுத்தச் சொன்னார். அதே பங்க். புது டைல்ஸ், பிளாஸ்டிக் கதவு, வெளியே பெண் படம் போட்ட பலகை. கதவைத் திறந்து பார்த்தேன். அவர் போட்டது பழைய கதவோடு போயிருந்தது. புதுக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து, ஒரு நைலான் கயிறு தொங்கியது.

திரும்பி வந்து அவரிடம் கயிற்றைச் சொன்னேன். அவர் உடனே மருமகனிடம் திருப்புளி கேட்டு வாங்கினார். நான் பையைத் திறந்து தாழ்ப்பாளை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்து அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. முடுக்கும்போது திருகாணி இரண்டு முறை கீழே விழுந்தது. நான் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தேன். மகளும் மருமகனும் காரிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

“உழுந்துச்சா?” என்று வெளியே குரல்.

“உழுந்துச்சு.”

உண்மையில் எனக்கு அவசரம் எதுவும் இல்லை. தாழ்ப்பாள்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அந்தப் பக்கம் அவர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருப்பார்.

“நிதானமா வா” என்றார். “வண்டி எங்கயும் போவாது.”