பொத்தான்காரரின் தனி மேசை

கிரிசாந்தோ பொத்தான் விற்றே வயதைக் கழித்தவர். ஸ்பெயினில் சரகோசா நகரத்தில் ஒரு வாடகை அறை, கல்யாணம் இல்லை, இரண்டு கையிலும் மாதிரிப் பெட்டிகள். மாதத்துக்கு ஒரு முறை தெருவேல் என்ற ஊருக்குப் போகும் மலைச்சாலையில் பஸ் அவரை இறக்கிவிடும் இடம் மக்காரியோவின் சத்திரம். இருபத்தாறு வருஷம் அப்படி வந்தார்.

சத்திரத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கீழே கழுதைகளுக்கும், பிற்பாடு லாரிகளுக்கும் ஒரு முற்றம். மேலே நான்கு அறை. குளிர்காலத்தில் முகம் கழுவ வைத்த தண்ணீர் காலையில் கட்டியாகியிருக்கும். மெத்தையில் ஒரு பள்ளம். அவருக்கு முன்னால் படுத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்டது. ஆனாலும் அந்தக் கட்டிலில் தூங்கிய மாதிரி சரகோசாவில் அவர் ஒரு நாளும் தூங்கவில்லை. பூண்டு சூப், எண்ணெயில் ஊறிய பன்றி இறைச்சி, பொரித்த முட்டை இரண்டு, மூக்கு வைத்த கண்ணாடிக் குடுவையில் திராட்சை மது. உதடு படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும். முதல் வருஷம் முழுக்க அவருடைய சட்டைக் காலர்தான் குடித்தது.

குறை ஒன்றே ஒன்று. கழுதைக்காரர்களும் லாரிக்காரர்களும் நேரே அடுப்படிக்குள் போய்விடுவார்கள். அங்கே பழைய ரொட்டியை உதிர்த்துப் பூண்டோடு கிளறிய பெரிய இரும்புச் சட்டி தரையில் இருக்கும். எல்லோரும் சுற்றி நின்று, ஒரு கரண்டி எடுத்து, ஓரடி பின்வாங்கி, அடுத்தவருக்கு வழிவிட்டுச் சாப்பிடுவார்கள். பேச்சும் கேலியும் சுவரைத் தாண்டி வரும். டை கட்டிய கிரிசாந்தோவுக்கு மட்டும் சாப்பாட்டு அறை, தனி மேசை, வெள்ளை விரிப்பு. மரியாதையோ மரியாதை. அந்த மரியாதையை மென்று விழுங்கியபடி சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். நானும் வரட்டுமா என்று கேட்க நாக்கு எழாது. முன்பின் தெரியாத கடைக்காரன் தலையில் நூறு பொத்தானைக் கட்டத் தெரிந்த மனுஷர்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று நவம்பரில் கடைசித் தடவையாக வந்தார். அடுத்த வாரம் ஓய்வு. விஷயத்தைக் கேட்ட மக்காரியோவின் மனைவி ஒப்துலியா, மதியச் சாப்பாட்டுக்குத் தன் கல்யாணத் தட்டையே இறக்கினாள். விரிப்புக்குக் கஞ்சி வேறு.

அடுப்படியில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். கிரிசாந்தோ கையிலெடுத்த கரண்டியைக் கீழே வைத்தார். இன்றும் விட்டால் இனி இல்லை.

“அம்மா, எனக்குத் தட்டு வேண்டாம்.”

ஒப்துலியாவின் முகம் சுருங்கியது. “ஏன் ஐயா, தட்டுல என்ன குறை? ரெண்டு தடவ கழுவினேன்.”

“குறை இல்லம்மா. அந்தச் சட்டியில சாப்பிடணும். அவங்களோட.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “எத்தன நாளா இந்த ஆசை?”

“வந்த நாள்லேருந்து.”

“கேட்டியாய்யா இதை?” என்று அவள் அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தாள். “மனுஷன் இருபத்தாறு வருஷமா வாயைத் தொறக்கல. ஐயாவுக்கு அமைதி வேணும்னு நான் எல்லாரையும் அதட்டிக்கிட்டு இருந்திருக்கேன். இந்த விரிப்ப ஐஸ் தண்ணியில அலசி அலசி என் விரல் வெடிச்சதுதான் மிச்சம்.”

“அவரு டையைப் பாத்து நாங்கதானே பயந்துகிட்டு இருந்தோம்” என்றார் மக்காரியோ உள்ளேயிருந்து.

“முதல்ல அதைக் கழட்டு” என்றாள் ஒப்துலியா கிரிசாந்தோவிடம். “சட்டியில முங்கும்.”

லாரிக்காரர்கள் இருவர் இடம் விட்டார்கள். கிரிசாந்தோ ஒரு கரண்டி அள்ளி, நின்ற இடத்திலேயே மென்றார். பக்கத்து ஆள் முழங்கையால் இடித்தான். “பின்னால போப்பா, நாங்களும் திங்க வேணாமா?” ரொட்டி அடிப்பிடித்திருந்தது. அவருடைய மேசைக்கு வந்த சாப்பாட்டின் ருசியில் பாதிகூட இல்லை. அவர் நிறுத்தவே இல்லை.

சட்டி காலியானதும் அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷத்தில் முந்நூறு சாப்பாடு. இப்படி ஒன்றே ஒன்று. இனி பொத்தான் இல்லை, இந்தப் பக்கம் வரக் காரணமும் இல்லை. அதை அப்படியே வாய்விட்டுச் சொன்னார்.

ஒப்துலியா சட்டியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: “ஜனவரியில பன்னி அடிக்கிறோம். வீட்டு ஆளுங்க மட்டும்தான். பின்னங்கால் புடிக்க ஒரு ஆள் கொறையுது.”

கிரிசாந்தோ வாழ்நாளில் பன்றியைத் தொட்டதில்லை.

“எந்தப் பக்கத்துக் காலு?” என்று கேட்டார்.