இருபத்திரண்டு கிலோமீட்டர்

உகெத் லகாஸ் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒண்டாரியோவின் வடக்கே, ஹெர்ஸ்ட் என்கிற மரம் அறுக்கும் ஊரில், மைனஸ் முப்பத்தைந்து டிகிரிக் குளிரிலும் காலை ஏழு பத்துக்கு முதல் பிள்ளையின் வீட்டு வாசலில் அவள் வண்டி நிற்கும். ஒரு நாளும் பிந்தியதில்லை. கடிகாரம் நின்றுபோனால் உகெத்தின் வண்டியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று ஊரார் கேலி பேசுவார்கள். அவளுக்கு அது கேலியாகப் பட்டதே இல்லை.

கணவன் ரெஜானுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும், டொராண்டோவுக்குத்தான் போயாக வேண்டும் என்றார்கள். தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரையும் அவளே ஓட்டினாள். திங்கட்கிழமை அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தங்க இடம் தேடினாள்.

எதிரிலேயே ஒரு விடுதி இருந்தது. வாடகை கசந்தது, அதையாவது விழுங்கியிருப்பாள். வண்டி நிறுத்துவதற்குத் தனிக் கட்டணம் என்றதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஹெர்ஸ்டில் வண்டி நிறுத்தக் காசு கொடுத்தவர் யாரும் இல்லை.

"வண்டி என்ன மெத்தையில படுத்தா தூங்கப்போவுது? சும்மா நிக்கறதுக்கு எதுக்குக் காசு?" என்றாள் ரெஜானிடம்.

"அடியே கிழவி, பக்கத்துலயே எடுத்துத் தொலையேன். என்னை உள்ள தள்ளிட்டுப் போறப்போ நீ இருக்கணும். ஆபரேஷனுக்கு முன்னால மோதிரத்தைக் கழட்டணுமாம், அதை உன் கையிலதான் கழட்டித் தருவேன். வேற யாருக்கும் தரமாட்டேன்."

"டொராண்டோவோட கிழக்குக் கோடியில, ஸ்கார்பரோ கடைசியில ஒண்ணு பாத்துட்டேன். பாதி வாடகை, பார்க்கிங் இலவசம், காலையில வாஃபிள் வேற போடறாங்களாம். இருபத்திரண்டு கிலோமீட்டர்தான்."

ரெஜான் மனக்கணக்குப் போட்டான். "அவ்வளவுதானா? நாம மீன் பிடிக்கப் போற ஏரியே அதவிடத் தூரம். இருபது நிமிஷம்."

"இருபது நிமிஷம்" என்றாள் அவளும்.

வடக்கத்திக்காரர்களின் கணக்கு அப்படித்தான். நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே போகலாம். எப்போதாவது ஒரு கடமான் குறுக்கே வந்தால்தான் உண்டு.

ஸ்கார்பரோ விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்தவள் மரிவிக் என்ற பிலிப்பினோப் பெண். உகெத் அவளிடம் முதலில் கேட்டது, ராத்திரி வண்டிக்கு மின்சாரம் சொருகும் இடம் எங்கே என்று.

"வண்டிக்கு எதுக்குக்கா மின்சாரம்?"

"இஞ்சின் உறைஞ்சிரும்ல."

"அக்கா, வெளிய மைனஸ் ஆறுதான். உங்க ஊரு வண்டிக்கு இங்க வேர்த்துக் கொட்டும்" என்று மரிவிக் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணு சொல்றேன் கேளுங்க. காலையில போறதா இருந்தா வண்டியை இங்கயே போட்டுட்டு ரயில்ல போங்க. வண்டிதான் வேணும்னா அஞ்சு மணிக்கே கிளம்பிருங்க."

"நான் முப்பத்தொரு வருஷமா பனியில ஓட்டறவ, பொண்ணே."

"பனியில ஓட்டிருப்பீங்கக்கா. ஜனத்துல ஓட்டிருக்கீங்களா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கும் சாதி உகெத். சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். செவ்வாயன்று பத்து மணிக்குமேல் நிதானமாகக் கிளம்பினாள், அரைமணியில் போய்விட்டாள். மரிவிக்கின் எச்சரிக்கையை அன்றோடு மறந்தாள்.

அறுவை சிகிச்சை புதன் மதியம் ஒரு மணிக்கு என்றிருந்தது. காலை ஆறே முக்காலுக்கு அவள் விடுதியின் சாப்பாட்டு அறையில் வாஃபிள் சுடும் அச்சைத் திருப்பிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். முன்னால் இருந்த நோயாளிக்குக் காய்ச்சலாம், ரெஜானை எட்டு மணிக்கே கொண்டுபோகிறார்களாம். எட்டுக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறதே என்று வாஃபிளைத் தின்று முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

நெடுஞ்சாலையில் ஏறிய ஐந்தாவது நிமிடம் எல்லா வண்டிகளும் நின்றன. எங்கேயோ இரண்டு கார்கள் மோதி ஒரு தடம் அடைபட்டிருந்தது. ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று. நகரத்தின் உயரக் கட்டடங்கள் முன்கண்ணாடியில் அப்படியே இருந்தன, பெரிதாகவே இல்லை. பின் இருக்கையில் பைக்குள் கைபேசி ஒருமுறை அடித்தது. ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் கைபேசியைத் தொடக்கூடாது என்பது பேருந்துக்காரி விதி. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் அவள் எடுக்கவில்லை.

எட்டு முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி மாடிக்கு ஓடி வந்தாள். ரெஜானின் கட்டில் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். முடிந்தவரை பார்த்தோம் என்றார், இரத்தப்போக்கு நிற்கவில்லை என்றார். உகெத் தலையாட்டினாள். அழுகை வரவில்லை. பசித்தது. பசிக்கிறதே என்று வெட்கமாக இருந்தது, அந்த வெட்கமும் யாரோ வேறொருத்தியுடையது போலத்தான் இருந்தது. காலையில் அவசரத்தில் வண்டியை விட்டுவந்த தெருவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக்கூடாதே, எப்போதோ தாண்டிவிட்டதே என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் ரெஜானோடு இருந்த நர்ஸ் ஜோசலின் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். மூக்குக்கண்ணாடியும் மோதிரமும் இருந்தன.

"மோதிரத்தைக் கழட்டவே மாட்டேன்னாரு மேடம். நீங்க எவ்வளவு தூரத்துல இருக்கீங்கன்னு கேட்டேன். இருபத்திரண்டு கிலோமீட்டர்னாரு. அந்த நேரத்து ரோடு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா அவரு, 'அவ ஒரு நாளும் லேட்டானதில்ல, இருபது நிமிஷம் பொறுங்க'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. டாக்டர்கிட்ட கெஞ்சி எட்டு இருபது வரைக்கும் நிறுத்தி வச்சேன். ஒரு தடவ உங்களுக்கு அடிச்சேன். 'வண்டி ஓட்டறப்போ எடுக்க மாட்டா, விடுங்க'ன்னுட்டாரு."

"அப்புறம்?" என்றாள் உகெத்.

"அப்புறம் அவரே கழட்டிக் கொடுத்தாரு. 'வழியில பனி கொட்டுது போல, பாவம்'னு சொல்லிட்டே போனாரு."

உகெத் ஜன்னலைப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து ஒரு பொட்டுப் பனிகூட விழவில்லை.